தளிரின் தோலடியில்

குற்றால மலைமுகட்டில் முகில் படிந்து, அருவிகளின் நீர்த்துகளைச் சுமந்த காற்று தென்காசி வயல்களைத் தழுவி, வடக்கே புளியங்குடித் தோட்டங்கள்வரை குளிர்ந்து செல்லும் ஆனித் திங்களின் முற்பகலொன்றில், உலகம்மை தன் எலுமிச்சங்கன்றுகளின் நடுவே விடையறியாது நின்றாள். சென்ற ஐப்பசியில் அவள் கணவன் நாறும்பூநாதன் நட்ட கன்றுகள் அவை. நட்ட பதினைந்தாம் நாள் அவன் இறந்தான். கன்றுகள் தேறாவிடில் பிடுங்கிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விடுவதென அவள் கொழுந்தன் உறுதியாயிருந்தான்.

நாள்தோறும் வாய்க்காலிலிருந்து குடத்தில் மொண்டு நீர்வார்த்து, திங்கள்தோறும் உரமிட்டு அவள் பேணிய நாற்பது கன்றுகளிலும் தளிர்கள் வெள்ளிக்கோடுகள் நெளியச் சுருண்டிருந்தன. வாய்க்கால் எட்டாத மூலையில், மழையை மட்டுமே நம்பிய ஒற்றைக் கன்றோ மாசற்று நின்றது. இஃது எவ்வாறு?

பக்கத்துத் தோட்டத்து ரூபி வேலியோரம் வந்து நின்றாள்.

“ஏட்டி, நீ அடிக்க மருந்தக் குடிச்சுப் புழு கொழுக்குதோ?”

“மூணு தடவ அடிச்சாச்சுக்கா. சாகமாட்டேங்கு.”

“அவன் இலைக்கு உள்ள படுத்திருக்கான். போர்வைக்கு மேல அடிச்சா எவனுக்கு வலிக்கும்?”

ரூபி தளிரொன்றைக் கிள்ளி வெயிலுக்கு எதிரே பிடித்தாள். படிப்போரே, நீரும் சற்றே குனிந்து காண்பீராக. அரிசியினும் சிறிய வெள்ளிநிற அந்துப்பூச்சி இளந்தளிரில் பனித்துளிபோல் முட்டையிடும். பொரித்த புழு வெளிக்காற்றைக் காணாமலே இலைத்தோலின் அடியிற் புகுந்து, உண்ட வழியே வீடாக, நெளிந்து நெளிந்து முன்னேறும். வளர்ந்தபின் இலைவிளிம்பை நூலால் மடித்து அதனுள் உறங்கி, ஏறக்குறைய மூன்று கிழமைகளில் சிறகுபெற்று, மீண்டும் தளிர் தேடிப் பறக்கும். முற்றிய இலையின் தடித்த தோல் அதற்குக் கதவடைத்த வீடு.

“தண்ணிய நிறுத்தேன்ட்டி.”

“நிறுத்துனா அவுக வச்சது வாடிருமேக்கா.”

ரூபி வாய்க்கால் எட்டாத மூலையைக் கைகாட்டினாள். பின், “நீ ஊத்த ஊத்த அது துளுக்குது. துளுக்கத் துளுக்க பூச்சி வந்து முட்ட போடுது. மூலையில நிக்க கன்னுல கொழுந்தே கெடையாது, பாரு” என்றாள்.

உலகம்மை கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தாள். எட்டுத் திங்களாய் அவள் கணவனுக்கென்று செய்யக்கூடியதாய் எஞ்சியிருந்தது அந்த ஒரு குடம் நீரே. அதுவே புழுவுக்கு ஓயாத விருந்தாயிற்று என்பதை அவளால் உடனே தாங்கமுடியவில்லை. அழுதாள், ரூபி தடுக்கவில்லை.

அன்றே உரத்தை நிறுத்தி, நீரையும் குறைத்தாள். சுருண்ட இலைகளைக் கிள்ளினால் புதுத்தளிர் வெடிக்குமென்று அவற்றை அப்படியே விட்டாள். இருந்த இலைகள் முற்றின. முட்டையிட இடமின்றிப் பூச்சி குறைந்தது. ஆவணி இறுதியில் ஒருசேர வந்த தளிர்களிற் பெரும்பாலானவை கோடின்றித் தடித்தன. கொழுந்தன் வந்து பார்த்து, பிடுங்கும் எண்ணத்தை விட்டுத் திரும்பினான். கன்றுகள் பிழைக்க அவள் கைக்கொண்ட வழி இதுதான்: ஒன்பது நாள் தோட்டத்துக்குப் போகாதிருந்து, பத்தாம் நாள் மட்டும் நீர்விடுவது.