ஆரப்பாளையத்து மோட்டார் ஷெட்டின் தரை

பருத்தி வியாபாரி விருமாண்டி 1937-இல் ஒரு மோட்டார் கார் வாங்கினார். கார் வருமுன்பே ஆரப்பாளையத்து வீட்டை ஒட்டி அதற்கொரு ஷெட் எழும்பியிருந்தது. எண்ணெய் சொட்டினால் துடைத்துவிடலாம் என்று யாரோ சொன்னதால் சிமிட்டித் தரைதான் வேண்டும் என்றார். தரை போடக் கொத்தனார் சோலை வந்தான். கலவை குழைக்க அவன் மனைவி ராமக்காளும் வந்தாள்.

தை மாதம் தரை போட்டார்கள். பங்குனி பாதியில் தரையின் நடுவே ஒரு விரிசல் ஓடியது. முதலில் மயிரிழைதான். பத்து நாளில் அதற்குள் ஓரணாக் காசை நிறுத்தி வைக்கலாம் போல ஆகிவிட்டது.

காரை மெதுவாகத்தான் ஏற்றி இறக்குவதாக டிரைவர் பேச்சிமுத்து சத்தியம் செய்தான். விருமாண்டி சோலையைக் கூப்பிட்டு, தரை ஏன் வெடித்தது என்று கேட்டார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட சோலை சமாளித்திருப்பான். சாதாரணமாகக் கேட்டதுதான் அவனைத் திணறடித்தது. மணலைச் சலித்தது அவன். சிமிட்டியை அளந்தது அவன். ஈரச்சாக்குப் போட்டுப் பத்து நாள் தண்ணீர் காட்டியதும் அவனே. இதில் எது தப்பாகிப்போனது என்று அவனுக்குப் பிடிபடவில்லை.

அவன் பேசாமல் நிற்க, ராமக்காள் சொன்னாள்: "ஐயா, அன்னைக்கு வெயிலு சாஸ்தி. கலவை இறுகுதேன்னு இவருக்குத் தெரியாம நாந்தான் ரெண்டு குடம் சேத்து ஊத்திட்டேன்."

சோலை திரும்பி அவளைப் பார்த்தான். தண்ணீர் கூடினால் தரை வெடிக்கும், அது சரிதான். ஆனால் அன்று முழுக்கக் கரண்டி பிடித்தது அவன் கை. கலவை நெகிழ்ந்திருந்தால் கைக்குத் தெரியாமல் போகுமா? வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டான். ஊற்றினேன் என்றுதான் அவள் மறுபடியும் சொன்னாள்.

சித்திரையில் பழுது பார்க்க வந்தான். விரிசலை உளியால் அகலமாக வெட்டி, தூசியை ஊதி எடுத்து, கழுவி, கெட்டிக் கலவையை வைத்து அடைத்தான். அதன்மேல் தரை முழுவதும் சிமிட்டிப் பாலை இரண்டு கை பூசி வழவழப்பாக இழைத்தான். இம்முறை தண்ணீரை அவனே ஊற்றினான். ராமக்காள் குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். அதைப் பார்க்கச் சோலைக்கு என்னவோ போல இருந்தது. ஆனாலும் குடத்தை அவள் கையில் கொடுக்க மனம் வரவில்லை.

புரட்டாசி வரை தரை அப்படியே இருந்தது. ஐப்பசி மழை பிடித்து ஒரு வாரத்தில் பேச்சிமுத்து ஆளனுப்பினான். சோலையும் ராமக்காளும் போய்ப் பார்த்தபோது அடைத்த கலவை வரப்பு மாதிரி மேலே புடைத்து நின்றது. பூச்சு அப்பளமாகக் கிளம்பியிருந்தது. கோடையில் திறந்த விரிசல் மழையில் மூடப் பார்க்கிறது. தண்ணீர் கூடிய தரை வெடிக்கும், சரி. வெடித்த தரை வாயை மூடுமா? ஷெட்டுக்குள் குத்தவைத்து வெகுநேரம் யோசித்தான். மண்டை குழம்பியதுதான் மிச்சம். கடைசியில், நடுவில் ஒரு துண்டைப் பெயர்த்துப் பார்க்க விருமாண்டியிடம் அனுமதி கேட்டான்.

தரைக்கு அடியில் அரையடி சரளை. அதுவரை அவனுக்குத் தெரியும். அவன் வந்தபோதே சரளை விரித்து இடித்து முடித்திருந்தார்கள். சரளைக்குக் கீழே மண்வெட்டி மேலே வர மறுத்தது. இழுத்தபோது கறுப்பு மண் பசை மாதிரி அப்பிக்கொண்டு வந்தது. கரிசல். மழையில் ஊதி, வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கிற மண்.

"இந்த மண்ணு எங்கிட்டு இருந்து வந்துச்சுங்கய்யா?"

விருமாண்டி குனிந்து பார்த்தார். "திருமங்கலத்துல நம்ம காட்டு மண்ணுதாம்ப்பா. ஷெட்டை மேடாக்கப் பத்து வண்டி அடிச்சேன். பருத்தி அம்புட்டு நல்லா விளையிற மண்ணு" என்றார். சொல்லச் சொல்லவே அவர் குரல் இறங்கியது. பிறகு ராமக்காள் நின்ற பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வந்தவர், பேச்சிமுத்துவிடம் காரை வெளியே எடுக்கச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

சோலை மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு மனைவியிடம் போனான்.

"ஊத்தாததை எதுக்கு ஊத்துனேன்னு சொன்ன?"

"ஊத்தலையா?" என்றாள் ராமக்காள். "எனக்குத் தெரியலைங்க. நீங்க பேச்சத்து நிக்கவும், நம்மதான் என்னமோ செஞ்சுட்டோம்னு தோணுச்சு. சொன்னதுக்கு அப்புறம் ஊத்துனதே கண்ணுல தெரிஞ்சுச்சு. இப்பவும் தெரியுது."

மார்கழியில் கரிசலை இரண்டடிக்குத் தோண்டி அகற்றினார்கள். வைகை மணலை நிரப்பி, நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்தார்கள். அதன்மேல் சோலை தரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்துப் போட்டு, முடிவில் பூச்சும் பூசினான். கலவையை ராமக்காள் குழைத்தாள். தண்ணீரையும் அவளே ஊற்றினாள்.

அடுத்த வருஷம் சித்திரை வெயிலிலும் ஐப்பசி மழையிலும் தரையில் ஒரு கீறல் இல்லை. அதைப் பார்த்துவிட்டு வைகைக் கரையோரமாகத் திரும்பும்போது, பல மாதங்களாகச் சொல்லாமல் வைத்திருந்ததைச் சோலை சொன்னான்: "நீ சொன்னதை நானும் நம்பிட்டேன் புள்ள."

ராமக்காள் நடையை நிறுத்தவில்லை.

"நானே நம்பிட்டேன். நீங்க நம்புனதுல என்ன இருக்கு?" என்றாள்.