ஆமென் போடாத ஜெபம்

ஞானஸ்நானம் எடுத்துக்கொண்ட அடுத்த ஞாயிறே மிளகாய் ஒரு தப்புப் பண்ணினாள். புதிதாக வந்தவள்தானே, வாய்திறந்து ஒரு ஜெபம் பண்ணட்டும் என்று போதகர் அவளை எழுப்பிவிட்டார். அவளும் எழுந்து நின்றாள், கண்ணை மூடினாள், தொண்டையைச் செருமிக்கொண்டு, "சாமி, நீ நல்லா இருக்கியா?" என்று ஆரம்பித்தாள்.

பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். கூட்டம் முடிந்ததும் போதகரின் மனைவி அவளைத் தனியாக அழைத்துப் போனார். சபையில் எல்லோருக்கும் அவர் போதகரம்மா. சேலை மடிப்பு கலையாது, பேச்சில் ஒரு எழுத்து பிசகாது.

"ஆண்டவரை 'நீ'ன்னு சொல்லக் கூடாதும்மா. 'நீர்'னு சொல்லணும். 'உம்மை', 'உமக்கு', 'தாரும்', 'கேட்டருளும்'. அப்படித்தான்."

"நீர்னா தண்ணி இல்லீங்களாம்மா?"

"அது வேற நீர். இது மரியாதை நீர். அப்புறம், நல்லா இருக்கியான்னெல்லாம் அவரை விசாரிக்க வேண்டாம். அவர் எப்பவும் நல்லாத்தான் இருக்கார். கடைசியில மறக்காம ஆமென் போடணும். அது போட்டாத்தான் ஜெபம் முடியும். இல்லேன்னா மூடாத பாத்திரம் மாதிரி திறந்தே கிடக்கும்."

மிளகாய் வீட்டுக்குப் போய் இதை அக்காவிடம் சொன்னாள். அக்கா தையல் மெஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நாள் பூரா ஆஸ்பத்திரித் துணியை நீர்ல முக்கி எடுக்கிறே. ஞாயித்துக்கிழமையும் நீர்தானா உனக்கு?"

மிளகாய் என்ற பெயரும் அக்கா வைத்ததுதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்தபோது அக்காவுக்கே கல்யாண வயதுதான். இடுப்பில் ஏறும் வயதில் இருந்த தங்கைக்கு அன்றைக்கே மூக்கு நுனியில் கோபம். சோறு ஆறினால் கோபம், ஆறாவிட்டாலும் கோபம். "இது பிள்ளையில்ல, மிளகாய்" என்றாள் அக்கா. பெயர் ஒட்டிக்கொண்டது. வளர்ந்து பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது பெயரும் கூடவே சேர்ந்தது. அங்கே ஆளுயர டிரம்கள் இரைச்சலோடு சுற்றும். டிரையரைத் திறந்தால் முகத்தில் அனல் அடிக்கும். அந்தச் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டும். அவளுக்கு அது கஷ்டமாகவே இல்லை.

இப்படிப்பட்டவள் எப்படிச் சபைக்குப் போனாள் என்றால், அதற்கும் கோபம்தான் காரணம். ஒருநாள் மழைக்குச் சபை வாசலில் ஒதுங்கியபோது உள்ளே போதகர் பேசுவது காதில் விழுந்தது. கோயிலுக்குள் கடை விரித்து ஏழைகளை ஏய்த்தவர்களின் மேசைகளை இயேசு புரட்டித் தள்ளியதையும், சவுக்கை எடுத்து அவர்களை விரட்டியதையும் சொல்லிக்கொண்டிருந்தார். மிளகாய்க்கு மழை மறந்துபோயிற்று. இந்த ஆள் நம்ம ஆள் என்று தோன்றியது. போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

அக்கா தடுக்கவில்லை. "கோபக்காரி கோபக்காரர்கிட்டப் போய்ச் சேர்ந்துட்டா. இனி எனக்குக் கொஞ்சம் நிம்மதி" என்றாள். ஞானஸ்நானத்துக்கு வெள்ளை அங்கி வேண்டும் என்றதும் தானே துணி வாங்கித் தைத்தாள். நனைந்தால் உடம்பு தெரியக் கூடாதென்று உள்ளே இன்னொரு துணி வைத்துத் தைத்தாள். தொட்டிக்குள் மிளகாய் முங்கி எழுந்தபோது சபையார் எல்லோரும் கண்ணை மூடிப் பாடிக்கொண்டிருந்தார்கள். கண்ணைத் திறந்து வைத்திருந்தது அக்கா ஒருத்திதான். கையில் துண்டோடு நின்றிருந்தாள். மேலேறி வந்தவளைப் போர்த்தி, தலையைத் துவட்டி, "சளி பிடிக்கப் போகுதுடி" என்றாள்.

அந்த அக்காதான் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தான் துவைத்து மடித்த விரிப்பிலேயே அக்கா படுத்திருப்பதைப் பார்த்துக்கொண்டு மிளகாய் ஜெபம் பண்ணினாள். அவளுக்கு வராத பாஷையில் பண்ணினாள். "நீர் குணமாக்கும். உம்மால் ஆகாதது இல்லை. என் அக்காவைத் தாரும்." ஒவ்வொரு தடவையும் மறக்காமல் ஆமென் போட்டாள். சபையே வந்து நின்று ஜெபித்தது. போதகரம்மா மட்டும் குனிந்து அக்காவின் காதருகே கேட்டார்.

"ஆண்டவரை ஏத்துக்கிறீங்களா? ஏத்துக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அக்கா கண்ணைத் திறந்தாள். மூச்சு வாங்கினாலும் குறும்பு போகவில்லை.

"அவர் என்னை ஏத்துக்கிறாரான்னு முதல்ல கேட்டுச் சொல்லுங்க."

மறுநாள் போய்விட்டாள்.

துக்கம் விசாரிக்கப் போதகரும் போதகரம்மாவும் வந்தார்கள். தையல் மெஷினில் பாதி தைத்த துணி ஊசியோடு அப்படியே கிடந்தது. போதகரம்மா மிளகாயின் கையைப் பிடித்துக்கொண்டார். அதோடு விட்டிருக்கலாம். பெருமூச்சு விட்டுக்கொண்டே, "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்மா. ஒரே ஒரு வார்த்தை. ரட்சிப்பு அவ்வளவு பக்கத்துல வந்து நின்னுது" என்றார்.

வெந்த புண்ணில் வேல் பாய்ந்தது. மிளகாய் கையை உருவிக்கொண்டாள்.

"அப்ப எங்கக்கா இப்ப எங்க இருக்கா?"

போதகரம்மா தரையைப் பார்த்தார். போதகர், "அதெல்லாம் ஆண்டவருடைய ரகசியம்மா. நாம கேக்கக் கூடாது" என்றார்.

"ஏன் கேக்கக் கூடாது? தொலைஞ்சது எங்கக்கா."

"விசுவாசத்துல நீ இன்னும் பச்சைக் குழந்தை. போகப் போகப் புரியும்."

"குழந்தைதான். என்னை வளர்த்தவ எங்கேன்னு குழந்தைதானே கேக்கும்?"

இருவரும் எழுந்தார்கள். ஒரு ஜெபம் செய்து, ஆமென் சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த ஆமென் கதவைச் சாத்துகிற சத்தம் போல அவளுக்குக் கேட்டது.

அடுத்த ஞாயிறு மிளகாய் சபைக்குப் போனாள். போகாமல் இருந்திருப்பாள். ஆனால் சண்டை போட வேண்டிய ஆள் அங்கேதான் இருக்கிறார் என்று சொல்லியிருந்தார்களே. சாட்சி சொல்லும் நேரம் வந்தது. முன்வரிசையிலிருந்து ஒருவர் எழுந்து, தன் வண்டிச் சாவி தொலைந்ததையும், முழங்காலில் நின்று ஜெபித்ததையும், சோபாவுக்கு அடியில் பார் என்று ஆண்டவர் உள்ளத்தில் உணர்த்தியதையும் சொன்னார். எல்லோரும் ஸ்தோத்திரம் என்றார்கள்.

மிளகாயின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. யாரும் கூப்பிடாமலே எழுந்தாள். கண்ணை மூடவில்லை.

"இங்க பாரு" என்றாள் கூரையைப் பார்த்து. "உன்கிட்டத்தான் பேசறேன். சாவி எங்கேன்னு உனக்குத் தெரிஞ்சுது. சோபாவுக்கு அடியில குனிஞ்சு பார்த்துச் சொல்லியிருக்கே. எங்கக்கா எங்கேன்னு கேட்டா மட்டும் உனக்குக் காது அடைச்சுக்குதா?"

"உட்காரும்மா" என்று யாரோ சேலையை இழுத்தார்கள். அவள் உதறிவிட்டாள்.

"'நீர்', 'உம்மை'ன்னு கேட்டேன். தரல. மரியாதையாக் கேட்டுப் பார்த்தாச்சு, இனி எனக்குத் தெரிஞ்ச பாஷையில கேக்கறேன். நான் நனைஞ்சு மேல வந்தப்ப எனக்குத் துண்டு போர்த்தினது யாரு? இவங்க எல்லாரும் கண்ணை மூடிட்டு இருந்தாங்க. உன் வீட்டுக்குப் போறதுக்கு எனக்குத் துணி தைச்சுக் கொடுத்து, தலை துவட்டி அனுப்பினாளே, அவளை வாசல்லயே நிறுத்திட்டு என்னை மட்டும் உள்ள கூப்பிடுவியா? அப்படி ஒரு வீடு இருந்தா எனக்கு வேண்டாம். நீயே வெச்சுக்கோ. மேசையை உதைச்சவன்னு நம்பித்தான் உன்கிட்ட வந்தேன். அந்தக் கோபத்துல ஒரு பொட்டு எங்கக்காவுக்காக உனக்கு வராதா? ஒரு வார்த்தை சொல்லலைன்னு இவங்க சொல்றாங்க. அவ கேட்டாளே, அதுக்கு நீ ஒரு வார்த்தை சொன்னியா?"

நிறுத்தினாள். எல்லோரும் காத்திருந்தார்கள். ஜெபம் என்றால் முடிவில் ஒன்று வர வேண்டுமே.

"ஆமென் போட மாட்டேன்" என்றாள் மிளகாய். "பதில் சொல்லு, போடறேன். அதுவரைக்கும் இது முடியல."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டாள்.

திங்கட்கிழமை வேலைக்கு வருவதற்குள் விஷயம் சலவைக்கூடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. அவளோடு சேர்ந்து விரிப்பு மடிக்கிறவள் சோடாபுட்டி. கண்ணாடியின் தடிமனால் வந்த பெயர். எந்தச் சாமிக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவைப்பாள்.

"ஏண்டி, சாமியை லைன்லயே வெச்சிருக்கியாமே? பேசறாரா?"

"இல்ல."

"நம்ம சூப்பர்வைசர் மாதிரிதான் போல. கேள்வி கேட்டா அந்தப் பக்கம் திரும்பிக்குவாரு."

டிரையர் பாதியில் நின்றது. மிளகாய் அதன் வயிற்றில் ஓங்கி ஓர் உதை விட்டாள். "எருமை! ஒருநாளாவது ஒழுங்கா ஓடேன்."

"இதுவும் ஜெபத்துல சேருமா?"

"சேரும். மூடாத வரைக்கும் எல்லாம் சேரும்."

சோடாபுட்டிக்காகச் சொன்ன பதில்தான். ஆனால் சொன்னபிறகு அதுவே வேலையாகிவிட்டது. அழுக்கு மூட்டைகளைப் பிரிக்கும்போது முன்பெல்லாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு டிரம்முக்குள் தள்ளுவாள். இப்போது ஒவ்வொன்றையும் பிரித்துக் காட்டினாள். "இந்தக் கறையைப் பாரு. இது பிள்ளை பெத்தவளோடது. பிழைச்சாளா? சொல்ல மாட்டே. இது யாரோ கிழவர், மூணு நாளா ஒரே இடத்துல படுத்திருக்காரு. திருப்பிப் படுக்க வைக்க ஒரு ஆள் இல்ல. பார்த்தியா? நல்லாப் பாரு. நான் பார்க்கிறேன் இல்ல?" திட்டிக்கொண்டே துவைத்தாள். திட்டிக்கொண்டே பிழிந்தாள். கோபம் குறையவில்லை. அக்கா ஒருத்தியின் கணக்கில் தொடங்கிய சண்டை ஆஸ்பத்திரி முழுக்கப் படர்ந்தது. மேலேயிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஆனாலும் சுவரோடு பேசுவது போல அவளுக்குத் தோன்றவில்லை. அதனால் இன்னும் கோபம் வந்தது. கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறவரிடம் வருகிற கோபம்.

அந்த வாரக் கடைசியில் போதகரம்மா சலவைக்கூடத்துக்கு வந்தார். சோடாபுட்டி டீ குடிக்கப் போயிருந்தாள். ஈர ஆவியில் போதகரம்மாவின் சேலை மடிப்பு நின்ற இடத்திலேயே தளர்ந்தது.

"சபையில எல்லாருக்கும் வருத்தம்மா. நீ மன்னிப்பெல்லாம் கேக்க வேண்டாம். வந்து ஒரு ஆமென் மட்டும் சொல்லிடு. அந்த ஜெபம் திறந்து கிடக்கிறதுல எங்களுக்குத் தூக்கம் வரல."

"எங்களுக்குன்னா யாருக்கு?"

போதகரம்மா தளர்ந்த மடிப்பைச் சரிசெய்யப் பார்த்தார். மிளகாய் சூடான விரிப்பு ஒன்றை உதறி, அதன் இரண்டு முனைகளை அவர் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க. இது தனி ஆளா மடிக்க முடியாது."

போதகரம்மா பிடித்தார். இருவரும் எதிரெதிரே இழுத்தார்கள். முனையோடு முனை சேர்க்க மிளகாய் நடந்து வந்தாள். முகம் பக்கத்தில் வந்தபோது போதகரம்மா மெதுவாகச் சொன்னார்.

"எங்கப்பாவும் இப்படித்தான் போனாரு."

மிளகாய் நின்றாள்.

"நான் மட்டும்தான் சபைக்கு வந்தவ. என் கல்யாணத்துக்கு அப்பா வாசல் வரைக்கும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தாரு. உள்ள வரல. வெயில்லயே நின்னாரு. கடைசி வரைக்கும் நான் கேட்டேன், அவர் சிரிச்சே மழுப்பிட்டாரு. அவர் போனப்ப, உமது சித்தம்னு சொல்லி ஆமென் போட்டுட்டேன். எங்கேன்னு நான் கேக்கவே இல்ல. கேக்கப் பயமா இருந்துது."

"அந்தப் பயத்தைத்தான் எங்க வீட்டுக்கு வந்து எங்கக்கா தலையில இறக்கி வெச்சீங்களா?"

சுருக்கென்று தைத்திருக்க வேண்டும். போதகரம்மா விரிப்பைக் கீழே போட்டுவிட்டுப் போவார் என்று மிளகாய் நினைத்தாள். போகவில்லை.

"ஆமா" என்றார். "நீ கேக்கறப்ப எங்கப்பாவையும் சேர்த்துக் கேளேன்."

"மாட்டேன். அவர் உங்கப்பா. நீங்க கேளுங்க."

"எப்படிம்மா கேக்கறது?"

"'நீ'ன்னு கேளுங்க."

பழக்கத்தில் போதகரம்மாவின் கண்கள் மூடிக்கொண்டன. "பரிசுத்தமுள்ள பிதாவே, நீர்..." என்றவர் அதோடு நின்றார். விரிப்பு கையிலிருந்து நழுவித் தரையைத் தொடப் பார்த்தது.

"தரையில படுது. இழுத்துப் பிடிங்க!" என்று அதட்டினாள் மிளகாய்.

அவர் இழுத்துப் பிடித்தார். உதடு இரண்டு மூன்று தடவை கூடிப் பிரிந்தது. வார்த்தை வந்தபோது அது போதகரம்மாவின் குரலாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து வீடு பூட்டியிருப்பதைப் பார்த்த பிள்ளையின் குரலாக இருந்தது.

"நீ எங்கப்பாவை எங்க வெச்சிருக்கே?"

டிரம் நின்றது. சலவைக்கூடத்தில் அப்படி ஓர் அமைதி எப்போதாவதுதான் வரும். போதகரம்மாவின் கன்னத்தில் ஆவியும் கண்ணீரும் ஒன்றாக இறங்கின. எத்தனையோ வருஷப் பழக்கம் விடுமா, வாய் தானாகத் திறந்தது. "ஆ..."

"போடாதீங்க!" என்று கத்தினாள் மிளகாய்.

போதகரம்மா சட்டென்று வாயை மூடிக்கொண்டார். மிளகாய் மடித்ததை அடுக்கின் மேல் வைத்துவிட்டு, அடுத்த விரிப்பின் முனையை எடுத்து அவர் கையில் திணித்தாள்.