அக்கா சொன்ன ‘வேண்டாம்’

மார்ச் 12, செவ்வாய். ஈப்போ.

நேற்றைய நாட்குறிப்புப் பக்கத்தில் ஒரு சின்னத் தப்பு. ‘சியூ மூய் அக்கா பேசியதைச் சரியாக மொழிபெயர்த்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். சரியாக இல்லை. (சின்னத் தப்புதானா என்பதும் இப்போது தெரியவில்லை.) இந்தக் கதை அங்கிருந்துதான் வருகிறது.

1

மொழிபெயர்ப்பு மாலை வகுப்பில் கொடுத்த தலைப்பு: ஆங்கிலத்திலும் சீனத்திலும் ஆணும் பெண்ணும் பேசும் விதம். கட்டுரைக்குப் பதில் கதையாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

முதல் வரி: ‘பெண்கள் சுற்றி வளைத்துப் பேசுவார்கள், ஆண்களோ...’

அடித்துவிட்டேன். சியூ மூய் அக்கா கோப்பிக் கடையில் நின்று கணவரைத் திட்டினால் தெருமுனை வரை கேட்கும். அதில் ஒரு வளைவும் கிடையாது.

இரண்டாவது முயற்சி: ‘ஒரு பெண்ணுக்குக் கடை போட ஓர் இடம் தேவைப்பட்டது.’ இது இருக்கட்டும்.

2

உணவங்காடியில் அக்காவின் கடை இருக்கும் பக்கத்தை மாதக் கடைசியில் இடிக்கப்போகிறார்கள். உரிமையாளர் மிஸ் ஆட்ரிக்கு ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். அக்காவுக்குக் கான்டனீஸ் சீனம் மட்டும். நேற்று மாடி அலுவலகத்தில் இருவருக்கும் நடுவில் நான் உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பவன் பேசுபவராகவே மாறி ‘நான்’ என்று சொல்ல வேண்டும் என்பது வகுப்பு விதி. ஆகவே கொஞ்ச நேரம் நான் ஐம்பது வயதுப் பெண்.

“வாசல் பக்கத்து மூலைக் கடை காலியா இருக்கு. வாடகை அதேதான். எடுத்துக்கிறீங்களா?” என்றார் மிஸ் ஆட்ரி.

நான் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார். “ஐயையோ, வேணாம் வேணாம்! அவ்வளவு நல்ல இடம் எனக்கு எதுக்கு? உங்களுக்குத்தான் சிரமம். வேணாம்!”

நான் ஆங்கிலத்தில் சொன்னது: “வேண்டாம், நன்றி.”*

“சரி, உங்க விருப்பம்” என்றார் அவர். நான் அக்காவிடம், “சரியாம்” என்றேன். இருவரும் சிரித்தபடி கைகுலுக்கினார்கள். அக்கா கீழே வந்து எல்லோருக்கும் முட்டை டார்ட் வாங்கிக் கொடுத்தார்.

*யாராவது எதையாவது நீட்டினால், சீனர்கள் நாங்கள் மறுத்து மறுத்துத்தான் வாங்குவோம். எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஆங்கிலத்தில் நான் ஒரு தடவைதான் மறுக்கிறேன், அதுவும் நிஜமாக.

3

இன்று வகுப்புக்குப் போகும் வழியில் பார்த்தேன். மூலைக் கடையில் ஆங்கில அறிவிப்பு: வாடகைக்கு. அதன் கீழே அக்கா தன் புது இடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வகுப்புத் தோழி பெய் சானிடம் சொன்னேன்.

“அடப்பாவி! அந்தம்மா சரின்னதை நீ முடியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கே!”

“வேணாம்னுதானே சொன்னாங்க? பொம்பளைங்க பேச்சு அப்படி...”

“எங்கப்பாவ வந்து பாரு. ஆரஞ்சு குடுத்தா, திருப்பிக் குடுக்க கார் வரைக்கும் துரத்துவாரு. அப்புறம் உள்ள போய் உரிச்சுத் தின்பாரு. அவரு பொம்பளையா?”

“அப்போ நான் பேசினது?”

“அது கல்லு. கொஞ்சமும் குழைவு இல்ல.”

“நீயா இருந்தா எப்படிச் சொல்லியிருப்பே?”

அவள் நெஞ்சில் கைவைத்து, இங்கிலீஷில் குழைந்தாள். நீங்கள் நினைத்துப் பார்த்ததே பெரிது, மகிழ்ச்சியோடு ஏற்கிறேன் என்கிற மாதிரி. அக்கா அதையும் சொல்லவில்லை. ஆனால் கடை கிடைத்திருக்கும்.

பெண் குரலுக்குப் பெண்தான் வேண்டுமா? மிஸ் ஆட்ரியும் பெண்தானே, அவருக்கு ஏன் புரியவில்லை? வகுப்புத் தலைப்புக்கு ஆண், பெண் என்று இரண்டு கட்டம் போட்டுக் கோடு கிழித்தேன். எந்தக் கட்டத்திலும் யாரும் உட்கார மாட்டேன் என்கிறார்கள்.

4

கதைக்கு முடிவுகள். ஒன்றில் மிஸ் ஆட்ரி சிரித்துவிட்டு அறிவிப்பைக் கிழிக்கிறார். இன்னொன்றில் மூலைக் கடையில் வேறு யாரோ நூடுல்ஸ் வேகவைக்கிறார். மூன்றாவதில் அக்கா என்னைத் திட்டாமல் வெறுமனே

இதை எழுத வரவில்லை. எது நடக்கும் என்பதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நாளை: வேலைக்குப் போகும் முன், மிஸ் ஆட்ரி வருவதற்கும் முன், அக்காவிடம் போய், அவராக இருந்து நான் என்ன சொன்னேன் என்பதைச் சொல்ல வேண்டும்.