பச்சை டிக்

மருத்துவமனையின் இணையப் பக்கம் அவள் கைவேலை. நடுவில் இருந்த, குழந்தைகளுக்கான இலவச அறுவை சிகிச்சை விண்ணப்பப் படிவம் மட்டும் வேறொரு நிறுவனத்துடையது. அதை ஒரு ஃபிரேமுக்குள், பக்கத்தில் பதித்த ஜன்னல் போல, கொண்டுவந்து உட்காரவைத்திருந்தாள். ஃபிரேமுக்குள் அவள் எழுதிய நிரல் எட்டிப் பார்க்க முடியாது, பிரவுசர் விடாது. உள்ளே ஏதோ லோடு ஆனது என்பது வரைதான் தெரியும்.

"விண்ணப்பம் சேர்ந்துச்சுன்னு அவங்க பக்கத்துலேர்ந்து நமக்கு மெசேஜ் வரணும் சார். அதுக்கு ரெண்டு வாரம் கேக்குறாங்க."

மேனேஜருக்கு ஆபீசில் 'அவசரம்' என்று பெயர். "முதல் லோடு படிவம். ரெண்டாவது லோடுன்னா அனுப்பியாச்சுன்னுதானே அர்த்தம்? உடனே பச்சை டிக் போட்டு ஃபிரேமை மறைச்சிடும்மா. இதுக்குப் போய் ரெண்டு வாரமா!"

பிழைச் செய்தி வந்தாலும் அதுவும் லோடுதான். இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், அந்த ஆளோடு யார் மல்லுக்கட்டுவது என்று தலையாட்டித் தொலைத்தாள்.

கடைசித் தேதியன்று அந்த நிறுவனத்தின் சர்வர் படுத்துக்கொண்டது. 'சேரவில்லை, மீண்டும் முயலவும்' என்ற வரி பச்சை டிக்கின் அடியில் அமுங்கிப்போனது. பதினேழு பேர் நிம்மதியாகப் பக்கத்தை மூடினார்கள்.

மறுவாரம், புகார் கொடுத்த அந்தப் பதினேழு பேரின் போன் எண்கள் அவள் மேஜைக்கு வந்தன. ஒன்பதாவது எண் அவளுக்கு மனப்பாடம். அக்கா.

அக்கா மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஐந்து வயதுக்குள் இருந்தால்தான் அந்த அறுவை சிகிச்சைக்கு எடுப்பார்கள். அடுத்த விண்ணப்பம் வரும்போது குழந்தைக்கு ஆறு நடக்கும். மருத்துவமனையோ, தேதி போனது போனதுதான் என்று கையை விரித்துவிட்டது.

"அவங்களே பாதியில மூடிட்டாங்கன்னு ஆஸ்பத்திரிக்கு எழுதிடு" என்றார் அவசரம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'டிக் பொய். போட்டது நான்' என்று எழுதி அனுப்பினாள். அதனால் யாருக்கும் தேதி திரும்பி வரவில்லை.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள். குழந்தை அவர்களுக்கு முதுகைக் காட்டி, தரையில் டப்பா மூடிகளைத் தட்டிக்கொண்டிருந்தது. அக்கா அழவில்லை, திட்டவில்லை. அப்படிச் செய்திருந்தால் தேவலை.

"உங்க மாமா அன்னிக்கே சொன்னாருடி, எதுக்கும் போன் பண்ணி, சேர்ந்துச்சான்னு கேட்டுடலாம்னு. நான்தான் சண்டை போட்டேன். என் தங்கச்சி செஞ்சது, அதுல எப்படித் தப்பு வரும்னு."