வாரோடு போன சீட்டு

என் கடைக்கு வரும் ஒவ்வொரு வாட்ச்சும் முதலில் அட்மிஷன் ஆகும். விற்றுப்போனால் டிஸ்சார்ஜ். நான் வைத்த பெயர்கள் இல்லை இவை. என் மனைவி பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நோயாளிகளின் கோப்பறையைக் கட்டி ஆண்டவள். வேலையை விட்டு வந்தவளுக்கு வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை. ஒருநாள், செருப்புக் கடைக்கு மேல் மாடியில் இருக்கும் என் பழைய வாட்ச் கடைக்குப் படியேறி வந்தாள். சுற்றிலும் பார்த்தாள்.

"வாங்கினது, வித்தது எல்லாம் எதுல எழுதறீங்க?"

நான் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன்.

"அது மேல முடியே நிக்கல. கணக்கா நிக்கப் போகுது?"

அன்றோடு என் ஆட்சி கவிழ்ந்தது.

நெற்றி போக, மேசை இழுப்பறையில் சில துண்டுக் காகிதங்களும் வைத்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'நீல டயல் – தும்மிக்கொண்டே இருப்பவர்.' 'தங்க முலாம் – பேரம் பேசியே உயிரை எடுத்த அம்மா.' எழுதும்போது கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும். பிறகு எடுத்துப் பார்த்தால், ஊரில் பாதிப் பேர் தும்முகிறார்கள், மீதிப் பேர் பேரம் பேசுகிறார்கள்.

மனைவி எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் போட்டாள். எந்த வாட்ச், முதுகில் என்ன எண், யாரிடமிருந்து வந்தது, எதற்கு வந்தது, யாருக்குப் போனது, கொடுத்தது யார். சீட்டிலும் மூன்று நிறம். நாங்கள் விலைக்கு வாங்கியதற்கு வெள்ளை. விற்றுத்தரச் சொல்லி வந்ததற்கு மஞ்சள். சர்வீஸுக்கு வந்த, விற்கக்கூடாத வாட்ச்சுக்குச் சிவப்பு. நூலில் கோத்து வாரின் கொக்கியில் கட்டிவிடுவாள். டிஸ்சார்ஜ் செய்யும் முன் வாட்ச்சைத் திருப்பி, எறும்பு எழுதியதுபோல் முதுகில் இருக்கும் எண்ணை லென்ஸ் வைத்துப் படித்து, பட்டியலோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

"இது கடையா, வார்டா?" என்று கேட்டேன்.

"ஒருத்தர் ஃபைலு இன்னொருத்தர் கட்டிலுக்குப் போனா என்ன ஆகும் தெரியுமா?"

"என்ன ஆகும்?"

"நல்ல காலு போயிடும்."

அதன் பிறகு நான் வாயைத் திறக்கவில்லை. திறக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. இடது கடைவாய்ப் பல் ஒன்று நெடுநாளாக என்னை வதைத்துக்கொண்டிருந்தது. பல் டாக்டர் என்று யாராவது சொன்னாலே எனக்குக் கை கால் சில்லிட்டுப்போகும். அதனால் வீட்டில் சொல்லாமல், வலது பக்கமாகவே மென்று குடும்பம் நடத்திக்கொண்டிருந்தேன்.

இந்த நிலையில்தான் என் சகலை வந்தார். என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர். தணிக்கை அதிகாரியாக இருந்து ஓய்வுபெற்றவர். ஓய்வு வேலைக்குத்தான், தணிக்கைக்கு இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்தோமா என்று தெருமுனையிலிருந்து திரும்பிப் போய்ப் பார்க்கிற மனிதர். எனக்குப் பெண் கொடுக்கும்போதே, "பழைய வாட்ச் வியாபாரமா? வாங்கறீங்களா, கேக்காம எடுக்கறீங்களா?" என்று சபையில் கேட்டவர். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு குடையைக்கூட அவர் என் கையில் பிடிக்கக் கொடுத்ததில்லை.

அப்பேர்ப்பட்டவர் தன் கை வாட்ச்சைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். அவருடைய மனைவி, வேலைக்குச் சேர்ந்த புதிதில், முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. இதுவரை வேறொருவர் கை அதன் மேல் பட்டதில்லை.

"மெல்லமா ஓடுது சகலை. நீங்களே பாருங்க. வேற யார் கையிலயும் குடுத்துடாதீங்க."

கடைசியில் இந்த மனிதர் என்னை நம்பிவிட்டார். மனைவி அட்மிஷன் போட்டாள். சிவப்புச் சீட்டைக் கட்டினாள்.

அதே கம்பெனியில், அதே மாடலில், அதே வெள்ளை டயலில் இன்னொரு வாட்ச்சும் கடையில் விற்பனைக்கு இருந்தது. இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. கையோடு கையாக இரண்டையும் சுத்தம் செய்துவிடலாம் என்று இரண்டின் வாரையும் கழற்றினேன். துடைத்து, எண்ணெய் விட்டு, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு மகிழ்ந்தேன். பிறகு வார்களை மாட்டினேன். எதில் எதை மாட்டினேன் என்று யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் சீட்டு தொங்குகிறதே!

இரண்டு நாள் கழித்து ஓர் அம்மாள் மாடியேறி வந்தார்.

"ஆம்பளைங்க கட்டற பெரிய வாட்ச்சா காட்டுங்க. எனக்குத்தான். நாள் முழுக்கப் பொடிப் பொடியாத்தான் பாத்துட்டிருக்கேன். மணி பாக்கறதாவது பெருசா இருக்கட்டும்."

வெள்ளைச் சீட்டு தொங்கிய வாட்ச்சை எடுத்து வைத்தேன். கட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. அதிகம் பேரம்கூடப் பேசவில்லை. டிஸ்சார்ஜ் விதிப்படி வாட்ச்சைத் திருப்பி லென்ஸைக் கையில் எடுத்தேன். அப்போது அவர் என் கன்னத்தையே உற்றுப் பார்த்தார்.

"அந்தப் பல்லு எத்தன நாளா வலிக்குது?"

"எந்தப் பல்லு?"

"வீங்கியிருக்கே, அது. நான் பல் டாக்டர். பின்னாடி தெருவுலதான் கிளினிக்."

லென்ஸ் கைநழுவி மேசையில் உருண்டது. வாட்ச்சை வேகமாகப் பெட்டியில் போட்டு, பில்லைக் கிழித்து, 'எண் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடித்து, அவரைப் படிக்கட்டு வரை வழியனுப்பினேன். அவ்வளவு மரியாதையாக எந்த வாடிக்கையாளரையும் நான் விரட்டியதில்லை.

சனிக்கிழமை மத்தியானம் என் மனைவி ரவுண்ட்ஸ் வருவாள். தட்டில் இருக்கும் வாட்ச்சுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி எண் பார்ப்பாள். அந்த வாரமும் பார்த்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"ஏங்க, இது யாரு?"

"சிவப்புச் சீட்டு தொங்குதே. உங்க மாமாவோடது."

"சீட்டு மாமாவோடது. வாரும் மாமாவோடது. வாட்ச் நம்மளது."

வார்களை மாற்றி மாட்டியிருக்கிறேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. மறுநாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு அக்காவும் மாமாவும் வருகிறார்கள். வாட்ச்சை வாங்கிக்கொண்டு போகத்தான் வருகிறார்கள்.

"அப்ப மாமா வாட்ச்சு?" என்று கேட்டாள். தெரிந்துகொண்டே கேட்பது அவளுக்குக் கைவந்த கலை.

"வேற யார் கையிலயும் குடுக்கக்கூடாதுன்னு சொன்னாரு. வித்துட்டேன்."

அவள் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். நான் மெல்ல ஒரு யோசனையை நகர்த்தினேன். "ரெண்டும் அச்சு அசல் ஒண்ணுதான். இதையே துடைச்சுக் குடுத்துட்டா அவருக்குத் தெரியவா போகுது?"

"அது அக்கா மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது. இது யாரோ யாருக்கோ வாங்கிக் குடுத்தது. ரெண்டும் ஒண்ணா?" பட்டியலைத் திறந்து திரையை என் பக்கம் திருப்பினாள். "யாருக்குப் போயிருக்குன்னு பாருங்க. இதக் கொண்டுபோய்க் குடுத்து, அதக் கேட்டு வாங்கிட்டு வாங்க."

பார்த்தேன். பல் வலி ஒருமுறை சுண்டி இழுத்தது.

கிளினிக்கின் முன்னறையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "நான் பல்லுக்கு வரல, வாட்ச்சுக்கு வந்திருக்கேன்" என்றேன். அவள் இதுபோல் எத்தனையோ சாக்குகளைக் கேட்டவளாக இருக்க வேண்டும். "உக்காருங்க, கூப்பிடறேன்" என்றாள். கூப்பிட்டாள். உள்ளே போய், நிற்பதற்கு இடமில்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும், நாற்காலி என்னைப் படுக்க வைத்துவிட்டது.

"வாங்க வாங்க. வருவீங்கன்னு தெரியும்" என்றார் டாக்டர். "ஆ காட்டுங்க."

"டாக்டர், நான் வந்தது—"

"ஆ."

காட்டினேன். வாய்க்குள் ஒரு கண்ணாடியும் ஒரு கம்பியும் இருக்கும்போது, விற்ற பொருளைத் திருப்பிக் கேட்பதற்கு இந்த உலகத்தில் எந்த மொழியிலும் வழியில்லை. அவர் இரண்டையும் வெளியே எடுத்தபிறகு படுத்தபடியே எல்லாவற்றையும் கொட்டினேன். சகலை, அக்காவின் முதல் சம்பளம், சிவப்புச் சீட்டு, நான் அடித்த டிக். சட்டைப் பையிலிருந்து இன்னொரு வாட்ச்சை எடுத்து நீட்டினேன்.

டாக்டர் தன் வெள்ளைக் கோட்டின் பையிலிருந்து சகலையின் வாட்ச்சை எடுத்தார். ஒன்றை இந்தக் காதிலும் மற்றதை அந்தக் காதிலும் வைத்துக் கேட்டார்.

"ரெண்டும் ஒரே மாதிரிதான் பேசுது. ஆனா எனக்கு இது பழகிடுச்சே."

படுத்திருக்கிறவன் என்ன பேசுவது?

"உங்க சகலை கோவக்காரரா?"

"கோவப்பட்டாக் கூடப் பரவால்ல டாக்டர். இப்பத்தான் மொத தடவையா என்னை நம்பிக் குடுத்தாரு."

அவர் இரண்டு வாட்ச்சையும் பக்கத்துத் தட்டில் வைத்தார். பிறகு சொன்னார்: "எங்க தொழில்லயும் இந்த வம்பு உண்டு. வலிக்கிற பல்ல விட்டுட்டுப் பக்கத்துப் பல்லப் பிடுங்கிட்டா, உங்கள மாதிரி மாத்தியா குடுக்க முடியும்? அதான் பிடுங்கறதுக்கு முன்னாடி நானும் சொல்லுவேன், உக்காந்திருக்கறவரையும் சொல்ல வெப்பேன்."

"நீங்களும் என் வீட்டம்மாவும் கூடப் பொறந்தவங்களா டாக்டர்?"

"வாட்ச்சத் தரேன். ஆனா அந்தப் பல்ல இங்க விட்டுட்டுப் போறீங்க."

"அது விற்பனைக்கு இல்ல டாக்டர்."

"எந்தப் பல்லு, சொல்லுங்க."

"இடது பக்கம், கீழ, கடைசி" என்றேன், அழுகிற குரலில்.

"இடது பக்கம், கீழ, கடைசி" என்று அவரும் சொன்னார்.

அவர் ஊசியை எடுப்பதற்குள் நான் லென்ஸை எடுத்தேன். இரண்டு வாட்ச்சின் எண்ணையும் உரக்கப் படித்து, வார்களையும் இடம் மாற்றி மாட்டினேன். நாற்காலியில் படுத்துக்கொண்டு, முகத்துக்கு மேல் எரியும் அந்தப் பெரிய விளக்கில், என் வாழ்க்கையிலேயே ஒழுங்காகச் செய்த முதல் டிஸ்சார்ஜ் அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் மாமாவும் வந்தார்கள். என் கன்னத்தைப் பார்த்து அக்கா, "ஏன் தம்பி, அடிச்சுட்டாளா?" என்று கேட்டார். "நேத்தே அடிச்சிருக்கணும்க்கா" என்றாள் தங்கை. வாய் நிறையப் பஞ்சோடு நான் சகலையின் கையில் வாட்ச்சைக் கொடுத்தேன். பழைய வாரிலேயே பத்திரமாக இருந்தது. காதில் வைத்துக் கேட்டார். தலையாட்டினார். கட்டிக்கொண்டார். அவ்வளவுதான்.

எனக்குப் பொறுக்கவில்லை. பஸ்ஸில் வாங்கிய சில்லறையை இறங்கும்வரை எண்ணிக்கொண்டிருக்கிற மனிதர் இவர். இந்த வாட்ச்சுக்காக நான் ஒரு பல்லையே கொடுத்திருக்கிறேன். திருப்பிப் பார்க்க வேண்டாமா?

"பின்னால நம்பரப் பாருங்கண்ணே" என்றேன் பஞ்சுக்குள்ளிருந்து.

"எதுக்கு சகலை? உங்க கையில குடுத்தேன். உங்க கையிலருந்து வருது."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் சாப்பாட்டுத் தட்டுகளை வைப்பதில் மும்முரமாக இருந்தாள். அவள் காட்டிக்கொடுக்கப் போவதில்லை. வாட்ச் வந்துவிட்டது, சாப்பாடு தயார், வாய் வேறு அடைத்திருக்கிறது. சும்மா இருப்பதற்கு இதைவிட நல்ல நாள் ஒருவனுக்கு அமையாது. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை, பல் இருந்த குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு குடைந்தது. பஞ்சை எடுத்து ஓரமாக வைத்தேன். ஒன்றுவிடாமல் சொன்னேன்.

முதலில் சிரித்தது அக்காதான். "என்னையே ரயில்வே ஸ்டேஷன்ல மறந்து விட்டுட்டு வந்தவருங்க இவரு. வாட்ச்ச மட்டும் மறந்ததில்ல. அதுவும் ஒரு தடவ ஊர் சுத்திட்டு வரட்டுமே."

சகலை சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "சீட்ட எங்க கட்டறீங்க?" என்று கேட்டார்.

"வார்ல, மாமா" என்றாள் மனைவி.

"வார்ல கட்டினா வாரோட போகும். ஆஸ்பத்திரியில நோயாளிக்கு அடையாளம் எங்க கட்டுவீங்க? சட்டையிலயா?"

என் மனைவியின் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "கையில" என்றாள் மெதுவாக. "சட்டைய மாத்திடுவாங்களே."

என் மனம் இறக்கை கட்டிப் பறந்தது. "அப்ப தப்பு—"

"உங்க தப்பு தனி" என்றாள். "அது பட்டியல்ல ஏத்தியாச்சு."

சாப்பிட்ட கையோடு நால்வரும் கடைக்குப் போனோம். சகலைக்கு அப்படி ஒரு உற்சாகம். ஓய்வுபெற்ற பிறகு யாரும் அவரைத் தணிக்கைக்குக் கூப்பிட்டதில்லையாம். ஒவ்வொரு வாட்ச்சின் முதுகிலும் சின்ன ஒட்டுச் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது அவர் தீர்ப்பு. அக்கா சீட்டு வெட்டினார். மனைவி பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டாள். எண் படிக்கும் வேலை எனக்கு. ஊரெல்லாம் தேடினாலும் இந்த வேலைக்கு இதைவிடப் பொருத்தமான வீங்கிய தாடை கிடைத்திருக்காது.

"சத்தமா, சகலை. மூணா, எட்டா?"

"எத்து."

"எட்டுங்கறார்" என்று அக்கா மொழிபெயர்த்தார்.

வேலை முடிந்து இறங்கும்போது வெளியே தூறிக்கொண்டிருந்தது. செருப்பு மாட்டுவதற்காகக் குனிந்த சகலை, கையில் இருந்த குடையை என் பக்கம் நீட்டினார். நிமிர்ந்து என்னைப் பார்க்கக்கூட இல்லை. சும்மா நீட்டினார், வீட்டு மனிதரிடம் நீட்டுவதுபோல்.

நான் அதை இரண்டு கையாலும் வாங்கிப் பிடித்துக்கொண்டேன். எங்காவது சிவப்புச் சீட்டு தொங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.