சுக்கானில் நான்கு கைகள்

அப்துல் அலீம் தண்ணீரை ஊற்ற, பள்ளிவாசல் மோதினார் அவன் அண்ணனின் விரல்களைப் பிரித்துக் கழுவினார். அவை பிரிய மறுத்தன. உள்ளங்கையின் குறுக்கே நீலமாகக் கன்றிப்போயிருந்தது.

"சுக்கானை விடவே இல்ல போல," என்றார் மோதினார்.

அண்ணன் சேக் தாவூது பதினோரு ஆண்டுகளாகச் சிங்கப்பூர் துறைமுகத்தில் நீராவிப் படகு ஓட்டியவர். நேற்று மத்தியானம், பயணிகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது மழை சாத்தியது. மழைக்குள்ளிருந்து ஒரு கப்பலின் முகப்பு எதிரே எழுந்தது. கூடவே இஞ்சினைக் கவனித்துவந்த அலீமை வேறொரு படகு தூக்கிக் காப்பாற்றியது. அண்ணனின் உடல் இன்று காலைதான் கிடைத்தது.

கபன் துணி சுற்றி முடித்ததும் படகு முதலாளியின் ஆள் ஹனீபா அவனைத் தனியே அழைத்தார்.

"சுக்கான் பிடிச்சவன் கலங்கிப்போய் நேரா முட்டிட்டான்னு துறைமுக ஆபீசுல எழுதிட்டாங்க தம்பி. உன்னைக் கேட்டாலும் அதையே சொல்லிடு. போனவருக்கு இனி என்ன?"

அலீம் தலையாட்டினான்.

ஆனால் நேற்று அண்ணன் இடப்பக்கம்தான் திருப்பினார். இஞ்சினருகிலிருந்து ஓடிவந்த அலீம், கப்பலும் அதே பக்கம் வருவதாக நினைத்து, சுக்கானைப் பற்றி வலப்பக்கம் இழுத்தான். அண்ணன் கத்தினார். அவன் விடவில்லை. இருவர் பலத்துக்கும் நடுவே சுக்கான் அசையாமல் நின்றது. படகு நேராகப் போனது.

திரைக்குப் பின்னாலிருந்து அண்ணன் மனைவி ஜைனபின் குரல் வந்தது.

"அலீம், கடைசியா அவங்க என்ன சொன்னாங்க?"

கலிமா சொன்னார் என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்?

"விடுடான்னு சொன்னாங்க மச்சி. நான் விடல." அதற்குமேல் அவனால் நிறுத்த முடியவில்லை. "தாவூது நானா சரியாத்தான் திருப்புனாங்க. நான்தான் எதிர்ப்பக்கம் இழுத்தேன். கலங்கினது நான், மச்சி."

வாசலில் சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஆள் கூப்பிட்டார்கள். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"இதை ஆபீசுல போய்ச் சொல்லுவியா?" என்றாள் ஜைனப்.

"சொல்றேன்."

"ஜெயில்ல போட்டுட்டா?"

"போடட்டும்."

அவள் சொன்னாள்: "முதல்ல அவங்களக் கொண்டுபோ."

சந்தூக்கின் முன்பக்கம் ஓர் இடத்தை விட்டுவிட்டு மற்ற மூவரும் காத்திருந்தார்கள். அலீம் குனிந்து தோள் கொடுத்தான். தெலுக் ஆயர் தெருவில் ரிக்‌ஷாக்கள் ஓரமாக ஒதுங்கின. எதிர்க்கடைச் சீனர் புகைக்குழாயை வாயிலிருந்து எடுத்து, அது அணையும்வரை கையிலேயே வைத்திருந்தார்.