சனிக்கிழமை மத்தியான ஆட்டம்

பாக்கியநாதனுக்கு வாரத்தில் இரண்டு கோயில் என்று பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் சொல்லிச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேதக்கோயில். சனிக்கிழமை மத்தியானம் கிள்ளானில் பயாஸ்கோப் கொட்டகை. கோலாலம்பூரிலேயே கொட்டகைகள் இருக்க, எதற்காக ரயிலேறிக் கிள்ளான் வரைக்கும் போகிறாய் என்று கேட்டால், "சபையார் கண்ணில படாம இருக்கத்தான்" என்பான். முதல் இரண்டு வருஷம் அது உண்மையாகவே இருந்தது.

அவன் ரயில்வே பார்சல் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி. சிங்கப்பூரிலிருந்து வரும் படச்சுருள் தகரப்பெட்டிகள் அவன் கையைத் தாண்டித்தான் கிள்ளானுக்குப் போகும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைப் படித்துவிட்டு, சனிக்கிழமை வரைக்கும் அந்தக் கதை எப்படியிருக்கும் என்று தனக்குள்ளேயே ஓட்டிப் பார்ப்பான். ஊர் மாயவரத்துக்குப் பக்கம். முப்பது தாண்டியும் ஒண்டிக்கட்டை. அம்மா இறந்த செய்தி அடக்கமெல்லாம் முடிந்து வந்து சேர்ந்த அன்று, பூட்டாத கோயிலுக்குள் தனியாக உட்கார்ந்திருந்தான். அழக்கூட வரவில்லை. அப்போது யாரோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தது போலிருந்தது. திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. ஆனால் வந்தது யார் என்பதில் அவனுக்கு அதன் பிறகு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

அந்தக் காலத்துப் படங்கள் பேசாது. நடுநடுவே இங்கிலீஷில் எழுதிய அட்டைகள் வரும். திரைக்குப் பக்கத்தில் பிரம்போடு நிற்கும் பக்கிரிசாமி அவற்றைத் தமிழில் முழங்குவார். ஒரு சனிக்கிழமை பக்கிரிசாமிக்குத் தொண்டை கட்டி, காற்றுதான் வந்தது. கொட்டகைக்காரர் முன்வரிசையில் இருந்த பாக்கியநாதனைப் பிடித்து நிறுத்தினார். "கிராணியாரே, இன்னிக்கு நீங்க சொல்லுங்க. இல்லன்னா பெஞ்சையெல்லாம் உடைச்சிடுவானுங்க."

கோயிலில் வேதபாடம் வாசித்துப் பழகிய குரல். கூட்டம் கப்சிப்பென்று கேட்டது. படத்தில் ஒரு ஏழைப் பெண். காய்ச்சலில் பிள்ளை செத்துப்போகிறது. தேற்ற வந்த பாதிரியாரிடம் அவள் ஏதோ சொல்கிறாள். அட்டை வந்தது. பாக்கியநாதன் ஒரு விநாடி திணறி, "கடவுளே, நீர் எங்கே இருக்கிறீர்!" என்றான். கொட்டகை முழுக்க உச்சுக்கொட்டியது.

ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது பெண்கள் வாசலிலிருந்து ஒருத்தி நேராக அவனிடம் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். மஞ்சள் சேலை, தலையில் கனகாம்பரம், கழுத்தில் ஒன்றுமில்லை.

"கிராணியாரே, பிள்ளை செத்தப்புறம் அந்தப் பொம்பளை சொன்னாளே, அட்டையில என்ன எழுதியிருந்துச்சு?"

"கடவுளே நீர் எங்கே..."

"இல்லையே. 'மேலே யாருமில்லை. கூப்பிட்டேன், யாரும் வரலை'ன்னுதானே இருந்துச்சு? நானும் மிஷன் ஸ்கூல்ல படிச்சவதான்."

அவனுக்குக் காது சுட்டது. "ஜனங்க மனசு நோகக்கூடாதுன்னுதான்..."

"ஜனங்க மனசா, உங்க மனசா?" என்று கேட்டுவிட்டு அவள் சிரித்தாள். கோபத்தில் சிரித்த சிரிப்பு இல்லை. "பாவம், அவளே துணிஞ்சு ஒரு வார்த்தை சொன்னா. அதையும் நீங்க பொத்திட்டீங்க."

மறுநாள் கோயிலில் பாக்கியநாதனால் பிரசங்கத்தில் மனம் வைக்க முடியவில்லை. சிலுவையில் தொங்கியவரே கைவிடப்பட்டேன் என்று கதறியதை வேதம் மறைக்கவில்லை. ஒரு பயாஸ்கோப் பெண் கதறியதை மறைக்க நான் யார் என்று தோன்றியது. அடுத்த சனிக்கிழமை சீக்கிரமே கிள்ளானுக்குப் போய், விசாரித்து, ஸ்டேஷனுக்கு எதிர்ச்சாரியில் இருந்த தேநீர்க்கடைக்குள் நுழைந்தான். அவள் பெயர் புஷ்பவல்லி. கடைக்காரர் அய்யாவுவின் மகள். பின்கட்டில் சுயமரியாதைச் சங்கத்தின் வாசகசாலை. அங்கே தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சொன்னது சரி. நான் மாத்திச் சொல்லியிருக்கக் கூடாது" என்றான்.

அவள் சாக்கட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "இதைச் சொல்லவா கோலாலம்பூர்லேர்ந்து வந்தீங்க?"

"படமும் பாக்கணும்."

"அப்பா, இவருக்கு ஒரு டீ போடுங்க" என்றாள் அவள்.

அவள் கதையை அய்யாவுதான் ஒருநாள் சொன்னார். பதினாலு வயதில் கல்யாணம், பதினேழில் எல்லாம் முடிந்தது. அப்போது அய்யாவு கோயில், காவடி என்று இருந்தவர். சொந்தக்காரர்கள் அவளை மணையில் உட்காரவைத்துத் தாலியை அறுத்தபோது தலையைக் குனிந்துகொண்டு நின்றிருக்கிறார். பல வருஷம் கழித்து போர்ட் சுவெட்டன்ஹாம் கூலிக்கூடத்தில் சுயமரியாதைக் கூட்டத்துப் பேச்சு ஒன்றைக் கேட்டுவிட்டு வந்தவர், வழியில் பாசாரில் பூ வாங்கி, தூங்கிக்கொண்டிருந்த மகளை எழுப்பித் தன் கையாலேயே வைத்துவிட்டார். மறுநாள் சாமி படங்கள் சுவரிலிருந்து இறங்கின.

"அதுலேர்ந்து எனக்கு எந்தச் சாமியும் வேணாம் தம்பி. உங்க சாமியும்தான். கோவிச்சுக்காதீங்க."

"கோவமில்லீங்கய்யா" என்றான் பாக்கியநாதன். அது மெய்தான்.

அதற்கப்புறம் சனிக்கிழமை என்றால் மூன்று பேர். அய்யாவுவுக்குப் படம் என்றால் உயிர், ஆனால் இங்கிலீஷ் தெரியாது. பக்கிரிசாமியோ பாதியைத் தன் கற்பனையில் சொல்லுவார். ஆகவே கடைசி பெஞ்சில் அய்யாவு நடுவில் உட்காருவார். இந்தப் பக்கம் பாக்கியநாதன், அந்தப் பக்கம் புஷ்பவல்லி. பாக்கியநாதன் அட்டைகளைத் தணிந்த குரலில் அய்யாவுவுக்குச் சொல்லிக்கொண்டே வருவான். ஒரு வார்த்தையைக்கூட மாற்றமாட்டான். காதலன் காதலியிடம் சொல்லும் வசனங்களையும் மாற்றாமல் அந்த மனிதரின் காதில் சொல்லவேண்டியிருந்தது. "உன்னைப் பாக்காத நாள் எனக்கு நாளே இல்ல" என்று அவன் சொல்ல, அய்யாவு "ம், ம், அப்புறம்?" என்பார். அந்தப் பக்கத்தில் சேலைத்தலைப்பு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கும்.

ஆட்டம் விட்டு ஆற்றுப் பாலம் வரை நடப்பார்கள். அப்போதுதான் வழக்கு.

"உங்க ஊர் வேதக்கோயில்ல எல்லா ஜாதியும் ஒண்ணாத்தான் உக்காருவாங்களா?" என்று ஒருநாள் கேட்டாள்.

அவன் பொய் சொல்லவில்லை. "இல்ல. எங்க தாத்தா காலத்துல எங்க ஆளுங்களுக்குப் பாய் தனியா. நற்கருணைக் கிண்ணமும் எங்களுக்குக் கடைசியாத்தான் வரும்."

"அப்புறமும் எப்படி அங்கேயே முழங்கால் போடறீங்க?"

"பாயைப் பிரிச்சுப் போட்டவங்க முன்னாடி நான் முழங்கால் போடல புஷ்..." என்று வந்ததை விழுங்கிவிட்டு, "போடலீங்க" என்றான். "கடைசிப் பாயில உக்காந்திருந்தவங்களோட வந்து உக்காந்தவர் ஒருத்தர் இருக்கார். அவரை நான் விட முடியாது."

அவள் பாலத்துக்குக் கீழே தோணிகள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம், "அவரை மட்டும்னா பரவாயில்ல. கூடவே எத்தனை பேர் வராங்க!" என்றாள்.

கல்யாணப் பேச்சை எடுத்தவர் அய்யாவுதான். "எனக்கும் வயசாகுது தம்பி. நீங்க ரெண்டு பேரும் என்னை நடுவுல வச்சுக்கிட்டு எத்தனை நாளைக்குப் படம் பாப்பீங்க?"

பாக்கியநாதன் போதகரிடம் போய்க் கேட்டான். அவர் நல்ல மனிதர், அவன்மேல் பிரியமுள்ளவர். "அந்தப் பொண்ணு ஞானஸ்நானம் எடுத்துக்கட்டும் பாக்கியநாதன். நானே முன்னால நின்னு நடத்திவைக்கிறேன்" என்றார். அதைப் புஷ்பவல்லியிடம் சொன்னபோது அவள் முகம் வாடியது.

"ஒரு சாமி பேரைச் சொல்லிக் கட்டினாங்க. அதே சாமி பேரைச் சொல்லி அறுத்தாங்க. இப்ப இன்னொரு சாமிகிட்ட உத்தரவு வாங்கிக்கிட்டு நான் பொண்டாட்டியாகணுமா? நம்பாம நனைஞ்சா அது பொய்யில்லையா?"

"பொய்தான். நான் அதைக் கேக்கல" என்றான் அவன்.

கடைசியில் அவன்தான் இறங்கிவந்தான். வாசகசாலையில் சுயமரியாதைக் கல்யாணத்துக்குச் சம்மதித்தான். சபையில் நற்கருணை மறுக்கப்படலாம் என்று தெரிந்தே சம்மதித்தான். கல்யாணத்தன்று பகலில் தோட்டத்து ஆட்களும் துறைமுகத்து ஆட்களுமாக வாசகசாலை நிரம்பி வழிந்தது. எலுமிச்சம்பழ சர்பத் கொடுத்தார்கள். சங்கத்துச் செயலாளர் கன்னையா பேசி முடித்து, மாலையை எடுத்து நீட்டினார்.

பாக்கியநாதன் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, "இதைப் போடறதுக்கு முன்னால நான் வாய்விட்டு ஒரு வார்த்தை ஜெபிக்கணும்" என்றான்.

கூட்டம் சலசலத்தது. கன்னையா கை அமர்த்தினார். சத்தம் போடாமல் பேசினார். "கிராணியாரே, இங்க இருக்கறவங்க பாதிப்பேர் கோயில் வாசல்ல நிறுத்தி வைக்கப்பட்டவங்க. சாமி பேரு கேக்காத மேடைன்னு எங்களுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். இதையும் கேக்கறீங்களே."

அதில் இருந்த நியாயம் பாக்கியநாதனை அறைந்தது. அவன் புஷ்பவல்லியைப் பார்த்தான். அவளுடைய கண் கெஞ்சியது. "மனசுக்குள்ள சொல்லிக்கக் கூடாதா?" என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி.

முயன்றுதான் பார்த்தான். கண்ணை மூடினான். யாரைச் சாட்சியாக வைத்து அவள் கையைப் பிடிக்கப்போகிறானோ அவரையே வாசலுக்கு வெளியே நிற்கச் சொல்வது போலிருந்தது. வாசலில் நிறுத்திவைக்கப்பட்டவர்களைப் பற்றி இப்போதுதான் கேட்டான்.

"ஒளிச்சு வச்சுக்கிட்டு உங்க கையைப் பிடிக்க மாட்டேன், புஷ்பவல்லி" என்றான். அவள் பெயரை அவன் முழுசாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

அவள் தன் கையிலிருந்த மாலையை நாற்காலியின் மேல் மெல்ல வைத்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போனார்கள். யாரும் அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். எல்லாரும் போனபிறகு அவள் சொன்னாள்: "நீங்க சொன்னதும் சரி. கன்னையா சொன்னதும் சரி. யாராவது ஒருத்தர் கெட்டவரா இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்."

ஆனாலும் சனிக்கிழமைகள் நிற்கவில்லை. அதே கடைசி பெஞ்சு, நடுவில் அய்யாவு. இப்போது காதல் வசனங்கள் வரும்போது யாரும் சிரிப்பதில்லை. பாக்கியநாதன் மட்டும் ஒரு வார்த்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். அய்யாவு இருட்டில் அவன் முழங்காலைத் தட்டிக்கொடுப்பார்.

ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆள் குறைத்தார்கள். கப்பல் கப்பலாக ஜனங்களை ஊருக்குத் திருப்பியனுப்பினார்கள். டீ குடிக்க ஆளில்லாத கடையை அய்யாவு எத்தனை நாள் திறந்துவைப்பார்? தஞ்சாவூர்ப் பக்கம் தம்பி வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவானது.

அவர்கள் புறப்படுவதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் கிள்ளானுக்குத் தமிழ் பேசும் படம் வந்தது. கொட்டகை வாசலில் திருவிழாக் கூட்டம். உள்ளே திரையிலிருந்து தமிழ் வந்தபோது கிழவர்கள்கூட எழுந்து நின்று கூவினார்கள். புராணக் கதை, வாயைத் திறந்தால் பாட்டு. "பேசற படம்னு சொல்லிட்டு, ஒருத்தனும் பாடாம பேசமாட்டேங்கிறானே!" என்று அய்யாவு முனகினார். பாக்கியநாதனுக்குச் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாம் எல்லாருக்கும் கேட்டது. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன், பாதிப் படத்தில் திரும்பிப் பார்த்தான். புஷ்பவல்லி திரையைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

போர்ட் சுவெட்டன்ஹாமில் நாகப்பட்டினம் கப்பலுக்கு ஏகப்பட்ட கூட்டம். மூட்டைமுடிச்சும் அழுகையுமாக இருந்தது. அய்யாவு அவன் கையை அழுத்திப் பிடித்துவிட்டு, மூட்டைகளைப் பார்க்கிறேன் என்று நகர்ந்துவிட்டார்.

"எனக்காக ஜெபிப்பீங்கதானே?" என்று கேட்டாள்.

"வேணாம்னு சொன்னா..."

"கேக்கறவர் யாரும் இல்லன்னுதான் இப்பவும் நெனைக்கிறேன். ஆனா நீங்க என் பேரைச் சொல்லிக்கிட்டிருக்கறது எனக்குப் பிடிச்சிருக்கு." கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே சிரித்தாள். "முழுப் பேரையும் சொல்லுங்க."

கப்பல் போனபிறகும் துறைமுகத்தில் நின்றிருந்தான். கடல் வெளுத்துக் கிடந்தது. அன்றைக்குக் கிள்ளானில் இறங்காமல் நேராகக் கோலாலம்பூருக்குப் போகும் ரயிலில் உட்கார்ந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு முன்னால் போதகரிடம் போனான். நோயாளிகளுக்காகவும் கடற்பயணம் போகிறவர்களுக்காகவும் பெயர் சொல்லி ஜெபிப்பது சபை வழக்கம்.

"யாருப்பா? நம்ம சபையா?"

"இல்லீங்கய்யா."

போதகர் அவன் முகத்தைப் பார்த்தார், மேலே கேட்கவில்லை. ஆராதனையில், கப்பலில் போகிறவர்களின் வரிசையில், புஷ்பவல்லி என்ற பெயரை நிறுத்தி வாசித்தார். சபை முழுவதும் ஆமென் என்றது. அடுத்த ஞாயிறும் வாசித்தார், அதற்கடுத்த ஞாயிறும். மழைக்காலம் வந்து போனது.

ஒருநாள் கோயில் வாசலில் அவன் தோளில் கை வைத்துக் கேட்டார்: "கப்பல் எப்பவோ போய்ச் சேர்ந்திருக்குமே, பாக்கியநாதன்?"

"சேர்ந்திருக்கும் ஐயா."

"அப்புறம்?"

வெளியே ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது. அது கடக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு வாசிங்க ஐயா" என்றான்.